கொளஞ்சியம்மாள் மகன்

தம்பி மணிவண்ணனைப் பற்றி நான் எழுதிய கதைக்கு முதலில் 'இருசம்மாள் வாங்கிய பிள்ளை' என்றுதான் தலைப்பு வைத்திருந்தேன். பெரம்பலூரில் சின்னதாகப் பத்திரிகை நடத்தும் அறிவரசன் சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "தலைப்பப் பாத்தாலே கதைக்குள்ள போவணும்போல இருக்கும்மா," என்றார் போனில். அந்தச் சந்தோஷத்தோடு போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

அம்மாவும் பக்கத்து வீட்டு இருசம்மாள் சின்னம்மாவும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு வேப்பமரத்தடியில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பைக் கேட்டதும் சின்னம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியாடி கொளஞ்சி, புஸ்தகத்துல எம்பேரு வருது. இனிமே என்னய வாங்க போங்கன்னுதான் கூப்புடணும்."

அம்மா சிரிக்கவில்லை. உடைக்கிற கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவ வாங்குனது சரி. பெத்தவ பேரு எங்கடி?"

எனக்குப் பின்னால் பிறந்த ஆண் குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. அதனால் மணிவண்ணன் பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவனை முறத்தில் போட்டு சின்னம்மாவுக்குத் தவிட்டுக்கு விற்றார்கள். விற்ற பிள்ளை நம் பிள்ளை இல்லையல்லவா, எமன் வந்து தேடினாலும் ஏமாந்து போவான் என்று ஒரு நம்பிக்கை. அதனால் சின்னம்மாவைத்தான் அவன் அம்மா என்பான். பெற்றவளை அத்தை என்று கூப்பிடப் பழக்கினார்கள்.

பிள்ளை கொஞ்சம் தேறியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். அம்மா மீட்கவில்லை. பயம். பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள், மீசை முளைக்கட்டும் என்றாள், கல்யாணம் ஆகட்டும் என்றாள். அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும், "இப்ப என்ன அவசரம், அவன் நல்லா இருந்தா போதும்," என்றாள்.

போன தை மாதம் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி அவன் வண்டியில் மோதியது. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தான். அம்மா குனிந்தாள். "அத்த, தண்ணி," என்றான். அவ்வளவுதான்.

தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், இறந்துபோன எங்கள் அப்பா இராமலிங்கத்தின் மகன் என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம்பேரு இல்லியா?" என்றாள். ஊரில் எந்தப் பேனரில்தான் தாய் பேர் இருக்கிறது?

"தலப்ப மாத்து கலையரசி," என்றாள் அம்மா. "அவன் வாயால அம்மான்னு கேக்கத்தான் குடுத்து வைக்கல. பேப்பர்லயாவது அவன் எம்புள்ளயா இருக்கட்டும்."

சின்னம்மா முகம் சுருங்கிவிட்டது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத் தர்மசங்கடம். சின்னம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. அவளை அம்மா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் விடிந்ததும் அம்மா முறம் நிறையத் தவிடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தா இருசா. எம்புள்ளயக் குடு."

சின்னம்மா முறத்தையே பார்த்தாள்.

"அடி பாவி. இப்ப வந்து கேக்குறியே, எங்கேருந்துடி குடுப்பேன்?"

"குடுத்தேன்னு சொல்லு. போதும்."

பிறகு சின்னம்மா தவிட்டை வாங்கி வாசல்படியில் வைத்தாள். கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல வெறுங்கை இரண்டையும் நீட்டினாள். அம்மா முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டாள்.

"ஒம்புள்ள ஒனக்கே," என்றாள் சின்னம்மா.

அம்மா விரித்த முந்தானையைச் சுருட்டி மாரோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆடு வந்து தவிட்டில் வாய் வைத்தது. யாரும் விரட்டவில்லை.

அன்றைக்கே தலைப்பை மாற்றினேன். அறிவரசன் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "கதை பூரா இருசம்மாதானம்மா இருக்காங்க. கொளஞ்சியம்மா ஓரமாத்தான் வர்றாங்க. தலைப்பு ஒட்டலியே?"

அம்மாவும் சின்னம்மாவும் பக்கத்தில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சின்னம்மா என் காதருகே வந்தாள்.

"உள்ள பூரா நான்தான இருக்கேன். மேல அவ இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லு."

சொன்னேன். "சரிம்மா, அப்படியே போடுறேன்," என்று வைத்துவிட்டார்.

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ கலை, அவன் என்னய அம்மான்னு கூப்புடுற எடம் வருதுல்ல, அத மட்டும் எடுத்துடாத சாமி."

நான் வாயைத் திறப்பதற்குள், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்:

"எடுக்க மாட்டா."