தண்ணீர் மட்டும்

"ஐயா, புல்லுருவி புடிச்ச கிளைதான் குறுக்க நிக்குது. வெட்டிறட்டுமா?"

மாமரத்தின் மேலிருந்து மரம் வெட்டுகிறவன் கேட்டதும் பெரியவருக்குச் சுருக்கென்றது. தம்பியின் உடலை எடுத்துப்போக வரும் வண்டிக்கு அந்தக் கிளை இடைஞ்சல்தான். ஆனால் அவரைக் குத்தியது கிளை அல்ல, சொல்.

எட்டு வருஷத்துக்கு முன், சம்பந்தி வீட்டார் நிறைந்திருந்த கூடத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொல். "இவனுக்குக் கல்யாணமும் இல்ல, தனி வீடும் இல்ல. புல்லுருவி மாதிரி என் வீட்டு மாடியில ஒட்டிக்கிட்டான்."

தம்பி தலை நிமிரவில்லை. மறுநாள் காலையும் மாடியில் வழக்கம்போல அவன் அடுப்புச் சத்தம் கேட்டது. மூத்தவன் தணிந்துபோய் மன்னிப்புக் கேட்பதாவது என்று அவர் இருந்துவிட்டார். இன்று விடியற்காலை தம்பியின் மூச்சு நின்றது. இனி யாரிடம் கேட்பது?

"வெட்டாதீங்க!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். தம்பி தாவரவியல் நடத்திய கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அது சாரோட செல்லப்பிள்ளைங்கய்யா. வருஷா வருஷம் பூவும் காயும் பறிச்சிட்டு வந்து பசங்களுக்குக் காட்டுவாரு."

"மரத்தை உறிஞ்சற சனியன். அதுல காட்ட என்ன இருக்கு?"

"'எங்கண்ணன் இப்படித்தான் சொல்வாரு'ன்னு சாரே சொன்னாரே!" அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "'எல்லார் முன்னாடியும் என்னைப் புல்லுருவின்னுட்டாரு. பாவம், அவருக்குப் பாடம் தெரியாது. அதோட இலை பச்சை. சாப்பாட்டை அதுவே சமைச்சுக்கும். மரத்துல வேர் மாதிரி குத்தி எடுக்கிறது தண்ணியும் கொஞ்சம் உப்பும்தான். நானும் என் சோத்தை நானே பொங்கிக்கிறேன். அண்ணன் கிணத்துல தண்ணி மட்டும்தான்'னு சொல்லிச் சிரிப்பாரு. பசங்க அந்தப் பாடத்தை மட்டும் மறக்கவே மாட்டாங்க."

பெரியவர் கைத்தடியை இறுகப் பிடித்தார். "சிரிப்பானா?"

"வயித்தைப் புடிச்சுக்கிட்டு."

"கோபமா ஏதாவது..."

"அவருக்கா? 'தப்பா சொன்னாலும் எங்கண்ணன் நிமிர்ந்து நின்னுதான் சொல்லுவாரு'ன்னு பெருமை வேற."

விறைத்திருந்த தோள்கள் மெல்ல இறங்கின. நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது.

"கிளையை விடுப்பா," என்றார் மேலே பார்த்து. "கயிறு போட்டுத் தூக்கிக் கட்டு."

கட்டும்போது குழல் குழலாய் நாலைந்து சிவந்த புல்லுருவிப் பூக்கள் உதிர்ந்தன. உள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, வண்டி தெருமுனைக்கு வந்திருச்சாம்."

"இரு, வர்றேன்."

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். மரத்தடியில் ஊற்றினார். மண் அதை முழுக்க உறிஞ்சும்வரை அங்கேயே நின்றார்.