இரவல் குளிர்

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குள் போனால் வாயில் எதையும் போடாமல் திரும்ப முடியாது. டெனிஷாவுக்கு அது தெரியும், அவளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். ஆனால் லைட் பில் சலுகைக்குத் தகுதி பார்க்க வருகிறவளுக்கும் கேக் வெட்டி வைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

பிறிஜெற் ஆன்ட்டி பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வாங்க மிஸ், உள்ளுக்கு வந்து இருங்க."

இருப்பதற்கு முதல் படம் எடுக்க வேண்டும். வாசலில் நின்று போனில் முன்னறையை எடுத்து அழுத்தினால், அது நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். பொய்க்காரர்களைப் பிடிக்க எந்தக் கெட்டிக்காரனோ செய்து வைத்த ஏற்பாடு. டெனிஷா வழக்கம்போல அழுத்தினாள். படம் போய்விட்டது.

பிறகுதான் அறையை நிமிர்ந்து பார்த்தாள். சுவரை அடைத்த டீவி. மூலையில் வாஷிங் மெஷின், அதன்மேல் பூப்போட்ட துணி. நடுவில் பெரிய எயார் கூலர் ஒன்று வாசல் பக்கம் திரும்பி, வந்தவளின் முகத்துக்கே காற்றடித்தது. அதற்குப் பின்னால் கட்டிலில் ஒஸ்வால்ட் அங்கிள், மூக்கில் குழாயோடு. பக்கத்தில் ஒட்சிசன் மெஷின் ஓயாமல் இரைந்தது. குளிர் அவர் பக்கம் போகவேயில்லை, பெனியன் வியர்வையில் ஊறிக் கிடந்தது.

வாஷிங் மெஷினோ கூலரோ உள்ள வீட்டுக்குச் சலுகை கிடையாது. சலுகை இல்லாமல் இவர்களால் ஒட்சிசன் மெஷின் இழுக்கும் கரண்டுக்கான பில்லைக் கட்ட முடியாது. கட்டாவிட்டால் கரண்டை வெட்டுவார்கள், வெட்டினால் அங்கிளுக்கு மூச்சில்லை.

"ஆன்ட்டி, இதெல்லாம் உங்கட சாமானா?"

பிறிஜெற் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது மகள். டீவி முன்வீட்டு ராசிக்கிட. கூலரும் வாஷிங் மெஷினும் பக்கத்து வீட்டு ரூபிகாட. பில் கட்டாமக் கிடக்கு. ஆள் வருது எண்டதும் வெட்டத்தான் வாறாங்க எண்டு பயந்திட்டன். வீடு கொஞ்சம் நல்லா இருந்தா, இவங்க எப்பிடியும் கட்டிடுவாங்க எண்டு விட்டிட்டுப் போவாங்கதானே."

சலுகைக்கு எழுதிப் போட்டது பங்குக் கோயில் அலுவலகம். ஆன்ட்டிக்கு வந்தது, வீடு பார்க்க வருகிறோம் என்று போனில் ஒரு வரி மட்டும், எதற்கென்று இல்லை.

டெனிஷா வெளியே ஒழுங்கைக்கு வந்து மேலதிகாரி டெரிக்கை அழைத்தாள்.

"சேர், அந்தப் படத்த அழிக்க ஏலுமா? சாமான் எல்லாம் இரவல்."

"எல்லா வீட்டிலயும் அதைத்தானே சொல்றாங்க டெனிஷா."

"நான் கண்ணால பாக்கிறன் சேர். மனுசன் ஒட்சிசன்ல கிடக்கிறார்."

"நீங்க பாக்கிறீங்க, சரி. கொம்பியூட்டர் படத்தைத்தான் பாக்கும். என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது. அப்பீல் போடச் சொல்லுங்க."

அப்பீலுக்குப் பதில் வருவதற்குள் கரண்ட் போய்விடும். அது அவருக்கும் தெரியும். டெனிஷா சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கென்று இருந்த அதிகாரம் அந்த ஒரு பொத்தான், அதையும் யோசிக்காமல் அழுத்தித் தொலைத்தாயிற்று. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

உள்ளே போனபோது ரூபிகா வந்து கூலரைக் கழற்றி உருட்டிக்கொண்டிருந்தாள், தன் பிள்ளைக்குப் புழுக்கமாம். பிறிஜெற் கேக்கைத் தாளில் சுற்றி டெனிஷாவின் கையில் வைத்தார்.

"வீடு வடிவா இருந்துதா மகள்?"

படம் போய்விட்டதைச் சொல்ல டெனிஷா வாயெடுத்தாள். கட்டிலில் கிடந்த அங்கிளும் தலையைத் திருப்பி அவள் வாயையே பார்த்தார்.

"ஓம் ஆன்ட்டி," என்றாள் டெனிஷா. "நல்ல வடிவா இருந்தது."

"நான் சொன்னன்தானே, வெட்ட மாட்டாங்க," என்று கணவனிடம் சொல்லிவிட்டு, பிறிஜெற் இன்னொரு துண்டு கேக்கைச் சுற்றத் தொடங்கினார்.