முன்னால் பிறந்தவளின் பெயர்

அரபு நாட்டுத் துறைமுக ஊரான சோஹாரில், கடலைப் பார்த்த ஒரு வில்லாவில் சுகிர்தராணிக்கு டியூட்டி. கவனிக்க ஒரே ஆள்தான். எர்மின் மேடம், எண்பது தாண்டியவர், கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் பகுதிக்காரி. மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. இடுப்பெலும்பு முறிந்த தாயைத் தனியே விட மனமில்லாமல் இங்கே கூட்டிவந்துவிட்டான்.

மேடத்துக்குப் பொழுதன்றைக்கும் ஒரே பித்து, செத்துப்போன பாட்டன் பூட்டன்களின் பெயர்களைத் தேடிப் பிடிப்பது. கனடாவில் அவர் ஊரிலுள்ள ஒரு சொந்தக்காரப் பெண் கல்லறைத் தோட்டங்களில் போட்டோ எடுத்து அனுப்புவாள். மேடம் அதை விரித்து விரித்துப் பார்ப்பார்.

"எங்க பக்கம் பொண்ணு பிறந்தா, ஞானஸ்நானத்துல முதல் பேரு மரியா. அப்புறம் ஞானத்தாய் பேரு. கடைசியில வர்றதுதான் கூப்பிடுற பேரு."

"அப்போ சாமியார் 'மரியா'ன்னு கூப்பிட்டா ஊரே திரும்புமே மேடம்!"

"அதனாலதான் யாரும் அப்படிக் கூப்பிடுறதில்ல, அசடே!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்மணிதான் பாருங்கள், ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த ஐபேடில் பாசி படர்ந்த ஒரு சின்னக் கல்லறைக் கல். அதில் அவருடைய பெயர். எர்மின். கீழே இருந்ததும் அவருடைய அப்பா, அம்மா பெயர்கள்தான். கல்லிலிருந்த குழந்தை இறந்தது, மேடம் பிறப்பதற்கு முந்தின வருஷம்.

"செத்த பிள்ளையோட பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது எங்க பழைய வழக்கம். பூட்டன் வீடுகள்ல எத்தனையோ பார்த்துட்டேன். எங்க வீட்லயும்னு நினைக்கவே இல்ல."

சுகிர்தராணி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மேடம் வாங்கவில்லை.

"அம்மா என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, தெரியுமா? 'குட்டி'ன்னுதான் சொல்லுவா. செல்லம்னு நினைச்சேன். அவளுக்கு என்னைப் பிடிக்கலையோ?"

சுகிர்தராணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பிடிக்காம இல்ல மேடம். அந்தப் பேரைச் சொல்ல வாய் வந்திருக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சுகிர்தராணி தரையில் உட்கார்ந்தாள். முதல் பிள்ளை ஜெபிஷாவைப் பால்குடி மறந்ததும் மாமியாரிடம் விட்டு விமானம் ஏறியவள் அவள். காய்ச்சலில் பிள்ளை போனபோது லீவு கிடைக்கவில்லை. பெட்டியை மூடுவதை ரூமில் இருந்தபடி போனில் பார்த்தாள். அடுத்தவள் பிறந்ததும், "போனவ திரும்பி வந்துட்டா" என்று மாமியார் அதே பெயரை வைத்தார். ஊரே அவளை ஜெபிஷா என்றது. பெற்றவள் மட்டும் பாப்பா என்றாள்.

"அவளுக்கு அக்கா இருந்தது தெரியுமா?"

"யாரும் சொல்லல மேடம். சின்னப் பிள்ளை, பயந்துரும்னு."

எர்மின் மேடம் கல்லை விரலால் தடவினார். "இந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒருத்தர் சொல்லியிருந்தா ஒரு பூவாவது வச்சிருப்பேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

சாயங்காலம் சுகிர்தராணி வெளியே படியில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். மகள் தலை வாராமல், வாயில் முறுக்கோடு வந்து நின்றாள்.

"எம்மா, என்ன இந்நேரத்துல? டியூட்டி இல்லியா?"

சுகிர்தராணி போனை முகத்தருகே கொண்டுவந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஜெபிஷா."

பிள்ளை சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாருமில்லை.

"யாரைம்மா கூப்பிடுக?"

"உன்னயத்தான் மக்களே. இரு, முறுக்கத் தின்னு முடி. உனக்கொரு அக்கா இருந்தா. அவளப் பத்திச் சொல்லுகேன்."