முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே

பெத்தானியாவைப் பார்த்தாலே ஜுசாராவுக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க அவள் பெரிதாகச் சிரமப்பட்டதும் இல்லை.

பதினோரு வருஷமாக, பிரேசிலின் மினாஸ் மாநிலத்து வடக்கிலுள்ள அந்தக் குகையே கதியென்று கிடந்தவள் ஜுசாரா. ஆற்று வெள்ளம் காலங்காலமாக உள்ளே கொண்டுவந்து படியவிட்ட மண் அங்கே ஆளுயரத்துக்கு மேல் அடுக்கடுக்காக நிற்கிறது. நல்ல மழை பெய்த காலத்து மண்ணில் காந்தத் துகள் அதிகம், வறண்ட காலத்து மண்ணில் குறைவு. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் டப்பாக்களைச் சுவரில் அழுத்தி மண்ணெடுத்துக் கருவியில் வைத்தால், பழைய மழையெல்லாம் எண்ணாக வந்து நிற்கும். ஜுசாரா ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு டப்பா எடுத்தாள். போன வருஷம் தெற்கிலிருந்து வந்த பெத்தானியா, இடைவெளியே விடாமல் டப்பாவோடு டப்பா ஒட்டி எடுத்தாள். ஜுசாராவின் முப்பத்தொன்றாவது டப்பாவுக்கும் முப்பத்திரண்டாவது டப்பாவுக்கும் நடுவே, இரண்டு விரல் கனத்தில், யாருக்கும் தெரியாத ஒரு பெருமழைக்காலம் உட்கார்ந்திருந்தது.

அந்த இரண்டு விரலை நினைத்தே ஜுசாராவுக்குச் சோறு இறங்கவில்லை.

மற்றதிலும் அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்தான். வந்த முதல் வாரம் முகாமில் சமையற்காரி டோனா ஜிலா பெக்கிப் பழச் சோறு ஆக்கினாள். பெக்கிக் கொட்டையைப் பல்லால் சுரண்டத்தான் வேண்டும், கடித்தால் நாக்கெல்லாம் முள். வெளியூர்க்காரர்கள் தவறாமல் கடித்துவிட்டு அலறுவார்கள், முகாமே விழுந்து விழுந்து சிரிக்கும். ஜுசாரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெத்தானியா முன்பல்லால் அணில் மாதிரி சுரண்டித் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க டோனா ஜிலா" என்றாள். அன்றிலிருந்து டோனா ஜிலாவும் அவள் கட்சி.

ஆனால் நெருப்பும் மண்ணின் காந்தத்தைக் கூட்டும். ஆதி மனிதர்கள் அந்த இடத்தில் அடுப்பு மூட்டியிருந்தாலும் எண் இப்படித்தான் எகிறும். இது மனதில் பட்ட அன்று ஜுசாரா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

"அடுப்பு மண்ணை அளந்துட்டு மழைங்கறா" என்றாள் டோனா ஜிலாவிடம்.

"அதுக்கு உன் மூஞ்சி ஏண்டி இப்படி மின்னுது? உனக்கா கல்யாணம்?"

நவம்பரில் மற்றவர்கள் சாமான் வாங்க ஊருக்குப் போயிருந்த ஒரு காலை, ஜுசாரா தனியாகக் குகைக்குள் போனாள். பெத்தானியாவின் சுவருக்கு நாற்பதடி தள்ளி, மறுகோடியில் இன்னொரு சுவரைச் சீவினாள். ஓர் அடுப்பின் சூடு அவ்வளவு தூரம் எட்டாது. இங்கே எண் எகிறாவிட்டால் பெத்தானியாவின் பெருமழை புஸ்வாணம். இரும்பு பட்டால் அளவு கெடும் என்று செம்புக் கரண்டியால் தோண்டி, இந்த முறை டப்பாவோடு டப்பா ஒட்டியே ஐம்பது எடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் ஆறு பெருகிக் குகைக்குள் புகுந்தது. இனி ஏப்ரல் வரை உள்ளே யாரும் கால் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத ஆய்வகத்தில் அளக்க உட்கார்ந்தாள். இருபது டப்பாவரை எல்லாம் சின்ன எண்கள். அவள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இருபத்தொன்றில் எண் எகிறியது. டப்பாவைத் துடைத்து, கையைக் கழுவி, மறுபடி வைத்தாள். மறுபடியும் எகிறியது. மண்ணைப் பிரித்துப் பார்த்தாள், பொட்டுக் கரி இல்லை. அதே அடுக்கு, அதே இரண்டு விரல் கனம். குகை முழுக்க மழைதான் பெய்திருக்கிறது. ஜுசாரா மேசையில் தலைவைத்து அழுதாள்.

மறுநாள், பெத்தானியா கட்டுரை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. இது அடுப்பாக இருக்கலாம், தள்ளியிருக்கும் வேறொரு சுவரின் அளவு மூன்று வாரத்தில் வேண்டும், இல்லையென்றால் கட்டுரை இல்லை.

"குகைக்குள்ள ஆறு ஓடுது. மீனுங்கதான் போய் டப்பா அழுத்தணும்" என்றார் ஆய்வுக்குத் தலைவரான புரொஃபசர் வால்தேசி. பெத்தானியாவின் முகம் செத்துப்போயிருந்தது.

ஐம்பது டப்பாவும் ஜுசாராவின் மேசை இழுப்பறையில் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஏப்ரலில் தண்ணீர் வடிந்ததும் தானே கண்டுபிடித்த மாதிரி எடுத்துக்கொண்டு வரலாம். இரண்டு வாரம் அந்த நினைப்பே தேனாக இனித்தது.

மூன்றாம் வாரக் கூட்டத்தில் புரொஃபசர் கையை விரித்தார். "விடும்மா பெத்தானியா. அடுப்புன்னே வெச்சுக்குவோம். அந்தப் பகுதியை எடுத்துரு."

"அடுப்பில்ல" என்றாள் ஜுசாரா.

சொன்ன பிறகுதான் தன் வாய் சொன்னது அவளுக்கே உறைத்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் எழுந்து போய் எண்கள் எழுதிய தாளை எடுத்துவந்து மேசையில் போட்டாள். பெத்தானியா அதை இரண்டு முறை படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவா செஞ்சீங்க?"

"உனக்காகவா? நல்லாருக்கே கதை! உன்னைக் கவுக்கத்தான் போனேன். அடுப்புன்னு காட்டி உன் பேரை நாறடிக்கணும்னு போனேன். போதுமா?"

புரொஃபசர் காப்பிக் கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெத்தானியா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாடா. எனக்கு வேண்டியவங்க யாராவது அளந்திருந்தா இதை நானே நம்பியிருக்க மாட்டேன். என்னைப் பொய்யாக்கணும்னே போன நீங்களே அளந்தும் இதான் வந்துருக்குன்னா, இது மழைதான். வேற யாரு அளந்தாலும் இந்த நிச்சயம் வராது."

ஜுசாரா மறுத்துச் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். பெத்தானியா சொன்னது சரி. இதிலும் அவள் சொன்னதே சரியாக இருந்ததைத்தான் ஜுசாராவால் பொறுக்க முடியவில்லை.