தலையில் வைத்த கொடி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 'நம் கொடி வந்த கதை' என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். எழுதினேன்: 1921இல் ஓர் ஆந்திரக்காரர் வரைந்து கொடுத்தார், அதில் ராட்டை இருந்தது, 1947 ஜூலையில் ராட்டை போய்ச் சக்கரம் வந்தது, இருபத்துநான்கு ஆரக்கால். கூடவே ஒரு படமும் வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் பதினாறு காலை, உப்பளம் இருக்கும் மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

2

தொடக்கம் ஒன்று: 'கொடியின் நடுவே இருக்கும் வெள்ளை, உப்பளத்தின் வெள்ளையே என்று—'

(அடித்துவிட்டேன். அந்த உப்பில் நின்று நின்று, நான் எழுத வந்தவளின் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. அழகு ஒரு கேடா எனக்கு!)

தொடக்கம் இரண்டு: தெய்வநாயகி உப்பளத்தில் கூடை சுமப்பவள். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பதினைந்தாம் தேதி மேஸ்திரி பாலகுரு எல்லோர் கையிலும் பாலியஸ்டர் கொடி கொடுத்து, வரப்பில் வரிசையாக நிற்கவைத்து, செல்போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். அனுப்பியதும் கொடிகளை வாங்கி வரப்போரம் போட்டுவிட்டார். மறுநாள் அவற்றின்மேல் ஆட்கள் நடந்தார்கள். தெய்வநாயகி ஒன்றை எடுத்தாள், உதறினாள், சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்து அதன்மேல் உப்புக்கூடையை ஏற்றிக்கொண்டாள். மற்ற நாளில் அங்கே பழைய புடவைத் துணி இருக்கும்.

3

அவளை அந்தக் கோலத்தில் படம் எடுத்தவன் நான்தான். இதைச் சொல்ல மூன்றாம் பகுதிவரை ஒத்திப்போட்டிருக்கிறேன், பாருங்கள். அவள் குனிந்து எடுத்ததையும் நேரில் பார்த்தேன். 'உப்பும் கொடியும்' என்று தலைப்புக் கொடுத்து பேஸ்புக்கில் போட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் போலீசில் புகார் கொடுத்துவிட்டான். தேசியக் கொடியை அவமதித்தாளாம். பாலகுரு அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். அவருக்கு எதிராக வாயைத் திறந்தால் மற்றப் பெண்களுக்கும் அதே கதி.

சட்டத்தை எடுத்துப் படித்தேன். கொடியில் எதையும் சுமக்கக் கூடாது. சரி. வேண்டுமென்றே தரையில் படவிடவும் கூடாது என்று அதே சட்டம்தானே சொல்கிறது? தரையில் போட்டவர்மேல் கேஸ் எங்கே? கையால் நூற்ற துணிதான் கொடி என்று அத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்துவிட்டு, 2021 கடைசியில் மிஷின் பாலியஸ்டரும் ஆகும் என்று விதியை மாற்றினார்களே, அப்போது யாருக்கும் வலிக்கவில்லையா? 1930இல் உப்பு அள்ளப் போனவர்கள் தூக்கிப் போனது ராட்டைக் கொடி. இன்றைக்கு உப்பு அள்ளுகிறவளுக்குக் கொடியின் மதிப்புத் தெரியாதாம்.

4

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கவைத்தே பேசினாள்.

"கீழ கெடந்துச்சி சார். எல்லாரும் மெதிச்சிக்கினு போறாங்க. சாமி படம் கெடந்தா காலுலயா தள்ளுவோம்? தலையிலதான வெப்போம்? அதத்தான் பண்ணேன்."

"உங்களைப் பத்தி ஒரு கதை எழுதுறேங்க. பேரை மாத்திடுறேன்."

"எம் பேர மாத்தி என்னா ஆவப்போவுது? மூஞ்சிதான் ஊரு பூரா சுத்துதே! நாளைக்கி பத்து மணிக்கி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக்கிறாங்க. நீங்க வாங்க. இவ கீழ கெடந்தத எடுத்தா, நான் பாத்தேன், நாந்தான் போட்டா புடிச்சேன்னு எழுதி, உங்க பேர மாத்தாம கையெழுத்து போட்டுக் குடுங்க. கதயெல்லாம் எனக்கு வாணாம் சார்."

வருகிறேன் என்று சொன்னேன்.

(வக்கீல் நண்பன் அரவிந்தன் ராத்திரி போனில் சொன்னது: "போவாதடா. நெட்ல போட்டவன்னு உன்னையும் கேஸ்ல சேத்துடுவாங்க.")

5

முடிவு ஒன்று: நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன். அவளை அனுப்பிவிடுகிறார்கள்.

முடிவு இரண்டு: நான் போகிறேன். என்னையும் அவள் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள்.

முடிவு மூன்று: அவள் தனியாகப் போய், யாரோ நீட்டிய காகிதத்தில்—

(இதை எழுத மாட்டேன்.)

மணி பத்தேகால். போன் மூன்று முறை அடித்து ஓய்ந்துவிட்டது. நான் புதுச்சேரியில் என் மேஜையில் உட்கார்ந்து முதல் முடிவைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்து மரக்காணம் ஒரு மணி நேரப் பஸ். இந்தக் கதையில் எங்கேயும் என் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது நடந்துகொண்டிருப்பது எந்த முடிவு என்று நீங்களே சொல்லுங்கள்.