மிஞ்சிய விதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, கார்த்திகை. மழையில் களக்காட்டுக் குளம் நிறைந்து கிடந்தது. மடைக்கல்லைத் தூக்க முங்கிய முப்பிடாதி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். இடது விதையில் கயிறு முறுக்குவது போல வலி. வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. கல்யாணமாகி எட்டு மாதம்தான். மனைவி மாரித்தாயிடம் வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். மூன்றாம் நாள் விடியலில் எழுந்து நிற்க முடியாமல் போனபிறகே உண்மையைச் சொன்னான். அவள் போய் வண்டி பிடித்து வந்தாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தியநேசன் பார்த்தார். “விதை திருகி ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. அன்னைக்கே வந்திருந்தா நிமித்திவிட்டிருக்கலாம். இனி எடுக்கத்தான் வேணும்.”

மூக்கின்மேல் துணியை வைத்தார்கள். இனிப்பாக ஒரு வாசனை. கட்டில் மிதந்தது. அவன் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தான், மூச்சு முட்டவில்லை. மடையும் இல்லை, தரையும் இல்லை. மேலே எங்கேயோ மாரித்தாயின் வளையல் சத்தம் தூறல் போலக் கேட்டது.

நாலு நாள் கழித்து டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“உமக்கு ரெண்டும் ஒண்ணுபோலதான் வே. மணிக்குள்ள நாக்கு தொங்குத மாதிரி பிடிமானமில்லாம தொங்குது. மத்ததும் ஒருநாள் திருகலாம். ரெண்டு தையல் போட்டுட்டா அசையாது.”

“எடுத்த அன்னைக்கே இதையும் தைச்சிருக்கலாமே, ஐயா?” என்றாள் மாரித்தாய்.

“உங்களைக் கேக்காம தொட மனசு வரல.”

முப்பிடாதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “மிஞ்சினது ஒண்ணு. அதுலயும் கத்தி வைக்கவா? வேண்டாம்யா.”

“ஒண்ணு இருந்தா பிள்ளை உண்டாகுமா, ஐயா?” என்று கேட்டாள் மாரித்தாய்.

“ஒண்ணு போதும்மா. அது கெடாம இருக்கணும்.”

அவள் புருஷனைப் பார்க்காமல் கஞ்சி வாங்கப் போனாள்.

பிறகு வந்த பகல்கள் ஒன்றில் ஒன்று கரைந்தன. லேசான காய்ச்சலில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் மழைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சில நேரம் தான் களக்காட்டில் இருப்பதாகவே நினைத்தான். தன் காலும் கையும் வேறு யாருடையவோ போலத் தூரத்தில் கிடந்தன.

ஒரு காலையில் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தவனுக்கு, வலதுபக்கம் சுருக்கென்று இழுத்தது. நாலு மூச்சு நேரம். விட்டுவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் விடவில்லை.

“ஏளா, இங்கன வா,” என்றான். “இப்போ இந்தப் பக்கம் இழுத்துச்சு.”

அவள் முகம் வெளுத்தது. “இப்பவும் வலிக்கா?”

“இல்ல. நின்னுட்டு.”

“ஐயாகிட்ட சொல்லிட்டு வரட்டா?”

“நானே சொல்லுதேன்.”

சுவரைப் பிடித்தபடி பைய நடந்தான். ஈரத் தரையில் அவன் நிழலும் கூடவே மிதந்து போனது. டாக்டரின் அறை வாசலில் நின்று, தலையைக் குனியாமல், எந்த இடம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் சொன்னான். மறுநாள் தையல் போட்டார்கள்.

அந்த இழுப்பு அப்புறம் வரவேயில்லை. இரண்டாம் வருஷம் ஐப்பசியில் பெண்பிள்ளை பிறந்தது. கோமு என்று பேர் வைத்தார்கள். மலைப்பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் தூளி தானாக ஆடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முப்பிடாதி வேலைக்குப் போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

“என்ன பாக்கீங்க?” என்று கேட்டாள் மாரித்தாய்.

“ஒண்ணுமில்ல. சிரிக்கா. கண்ணைத் தொறக்காமலே சிரிக்கா.”