சொத்தை இல்லாத கத்தரிக்காய்

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் போன வருடம் சாயத் தொழிற்சாலை ஒன்று வந்தது. அன்றிலிருந்து என் மகன் பாலனுக்குப் பெற்ற தாய் வளர்க்கும் காய்கறியெல்லாம் விஷமாகிவிட்டது. அவன் மனைவி வனஜா மாசமாக இருந்தாள்.

"டெஸ்ட் பண்ற வரைக்கும் தோட்டத்துக் காய் வேணாம்மா," என்று சொல்லிவிட்டுத் தினமும் பாசாரிலிருந்து காய் வாங்கி வந்தான். சோதனையில் ஏதாவது அகப்பட்டால் தோட்டத்துக்குச் சிமெண்டு போட்டு அதன் மேல் கார் நிறுத்தப் போகிறானாம்.

என் மனைவி வீரம்மாவுக்கு அந்தத் தோட்டம்தான் உயிர். மருந்து ஒரு சொட்டு அடிக்க மாட்டாள். சாம்பல் தூவுவாள், குந்தி உட்கார்ந்து புழுவைக் கையால் பொறுக்குவாள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு காப்பி போட்டுத் தரக்கூடாதா என்று கத்துவேன். அவள் காதில் விழாது.

பாலனோடு படித்த மார்க்கிரட் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளிடம் சேர்க்கச் சொல்லி, கத்தரிக்காயும் பயத்தங்காயும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் வீரம்மா. அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவோடு மார்க்கிரட்டே வீட்டுக்கு வந்தாள்.

"பேக்டரி சமாச்சாரம் ரெண்டுலயும் இல்ல ஆன்டி. பயத்தங்காய் சுத்தம். ஆனா கத்தரிக்காய்ல பூச்சி மருந்து ரொம்ப ஜாஸ்தி. என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"அடிக்கவே மாட்டேன்னு சொன்னீங்களேம்மா!" என்றான் பாலன்.

எனக்குச் சுரீரென்றது. என் மனைவி என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுவாள், பொய் மட்டும் சொல்ல மாட்டாள். "பொட்டலத்த மாத்திட்டு இங்க வந்து கேக்குறியா?" என்று மார்க்கிரட் மீது பாய்ந்தேன்.

"அந்தப் பிள்ளைய ஏங்க ஏசுறீங்க?" என்றாள் வீரம்மா. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். "நம்ம கத்தரிக்கா பூராவும் ஓட்டை. படிச்சவங்க உக்காந்து பார்க்கிற எடத்துக்குச் சொத்தையவா அனுப்புறது? மானம் போயிடும்லா. பயத்தங்கா நம்மளுது. கத்தரிக்கா மட்டும் பாசார்ல நல்லதா பார்த்து வாங்கி வச்சேன்."

விருந்தாளிக்கும் சாமிக்கும் நல்ல காயாகப் பொறுக்கி வைக்கும் கை, ஆய்வுக்கூடத்துக்கும் அப்படியே வைத்திருக்கிறது. மார்க்கிரட்டுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். பாலன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"பயத்தங்காயும் அதே மண்ணுலதானே வளருது, தோட்டத்துக்குப் பயமில்ல," என்றாள் மார்க்கிரட். "எதுக்கும் ரெண்டு சொத்தைய நானே பறிச்சிட்டுப் போறேன்."

சிமெண்டுப் பேச்சு அத்தோடு முடிந்தது. வீரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வனஜா மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அத்தே, அந்தக் கத்தரிக்காய எந்தக் கடையில வாங்குனீங்க?"

"நம்ம பாலன் தெனம் உனக்கு வாங்கியாருவானே, அதே கடையிலதாம்மா."